ஆணா, பெண்ணா என்ற கேள்விக்கு விடை வராதபோது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தபோது பெண் என்று பதிந்தார்கள். இன்று என்னை நான் பெண்ணாகவும் உணர்வதில்லை, ஆணாகவும் உணர்வதில்லை. இதை எனக்கே சொல்லிக்கொள்ளப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கடந்த ஏழு ஆண்டுகளாக, தம் பாலினம் குறித்துக் குழம்பி நிற்பவர்களோடும் அவர்களுடைய பெற்றோரோடும் மாலை நேரங்களில் தொலைபேசியில் பேசிவருகிறேன். நான் மருத்துவரும் அல்லேன், வழக்கறிஞரும் அல்லேன். திரும்பத் திரும்ப என்னிடம் வரும் ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மட்டும் நீக்கிவிட்டேன்.

திருநங்கைன்னா தெரியும், திருநம்பின்னா தெரியும். ரெண்டும் இல்லேன்னா அப்புறம் என்ன?

பிறப்பில் ஆண் என்று பதியப்பட்டுத் தம்மைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பெண் என்று பதியப்பட்டுத் தம்மை ஆணாக உணர்பவர் திருநம்பி. வேறு சிலருக்கு உள்ளுணர்வு இவ்விரண்டில் ஒன்றாக அமைவதில்லை. இரண்டையும் ஒருசேர உணர்பவர்கள் இருக்கிறார்கள், காலத்துக்குக் காலம் மாறி உணர்பவர்கள் இருக்கிறார்கள், தம்முள் பாலினம் என்று சுட்டிக்காட்ட எதுவுமே தென்படவில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களைக் குறிக்க நான்-பைனரி என்ற சொல்லே பேச்சில் நிலைத்துவிட்டது; எழுத்தில் இருமைசாராப் பாலினத்தவர் என்று சிலர் எழுதுகிறார்கள். திருநர் என்பது இவர்கள் எல்லோரையும் உள்ளடக்கும் பொதுச்சொல்லாகப் பயன்படுகிறது.

யார்மீது ஈர்ப்பு வருகிறது என்பது முற்றிலும் வேறு கேள்வி. ஒருவர் தம்மை யாராக உணர்கிறார் என்பதை வைத்து அவர் யாரை விரும்புவார் என்று சொல்லிவிட முடியாது. என்னிடம் பேசுபவர்களில் பாதிக் குழப்பம் இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பிசைவதால் வருவது.

டாக்டர்கிட்ட போய் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எடுத்தா தெரிஞ்சிடாதா?

தெரியாது. பரிசோதனையில் தெரியவரக்கூடியது உடல் அமைப்பு மட்டுமே. குரோமோசோம், சுரப்பிநீர் (ஹார்மோன்), இனப்பெருக்க உறுப்புகள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வழக்கமான ஆண், பெண் அமைப்புகளிலிருந்து வேறுபட்டிருப்பவரை ஊடுபால் உடையவர் என்கிறோம். அப்படிப் பிறந்தவர்களில் பலர் தம்மைத் தயக்கமின்றி ஆணாகவோ பெண்ணாகவோ உணர்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஓட்டப்பந்தய வீராங்கனை சாந்தி சௌந்தரராஜன், 2006ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வென்ற வெள்ளிப் பதக்கத்தைப் பாலினப் பரிசோதனையின் பெயரால் இழந்தார். அவர் பெண்ணாகவே வளர்ந்து பெண்ணாகவே ஓடியவர். ஒரு மனிதர் யார் என்பதைப் பரிசோதனைத் தாளிடம் கேட்டால் என்ன நேரும் என்பதற்கு அதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு நம்மிடம் இல்லை.

இந்த அநீதி தொட்டிலிலேயே தொடங்குவதைத் தடுக்க, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, ஊடுபால் உடைய குழந்தைகளுக்கு உயிருக்கு ஆபத்தான நிலை தவிர வேறு காரணங்களுக்காகப் பாலினத்தைத் திருத்தும் அறுவை சிகிச்சை செய்வதைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது.

இது மனநோயா? ட்ரீட்மெண்ட் எடுத்தா சரியாயிடுமா?

மனநோய் அன்று. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு, பிறப்பில் பதியப்பட்ட பாலினமும் உள்ளே உணரும் பாலினமும் பொருந்தாத நிலையை, அதாவது பாலின ஒவ்வாமையை, மனநலக் கோளாறுகளின் பகுதியிலிருந்து வெளியே எடுத்துவிட்டது. ஒருவருடைய பாலின உணர்வை மாற்றிக் காட்டுவதாகச் சொல்லிச் செய்யப்படும் சிகிச்சை, தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் மாநில மருத்துவக் கழகங்களுக்கு எழுதியது. அத்தகைய சிகிச்சைக்கு உங்களை யாரேனும் அழைத்துச் சென்றால், அதை மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இந்த உணர்வோடு வரும் தனிமையும் தூக்கமின்மையும் பதற்றமும் உண்மையான துன்பங்கள். அவற்றுக்கு உதவி பெறுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்க வேண்டாம். அந்த எண்ணை அழையுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் நம்பகமான ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள்.

பொண்ணுங்களுக்குப் போடுற கட்டுப்பாடு பிடிக்காமத்தான் இப்படித் தோணுதோ?

இந்தக் கேள்வியைக் கேட்பவரை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியை என்னை நானே பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். பெண்ணாகப் பிறந்தவருக்கு நம் வீடுகளில் போடப்படும் கட்டுகளை வெறுப்பதற்கு நான்-பைனரியாக இருக்க வேண்டிய தேவை இல்லை. அதேபோல, அழக்கூடாது, மென்மையாகப் பேசக்கூடாது என்ற விதிகளை வெறுக்கும் ஆண்களும் ஆண்கள்தாம்.

எனக்கும் என் சித்தி மகளுக்கும் ஒரே ஆண்டில் சடங்கு செய்தார்கள். தாய்மாமன் கட்டிய பச்சை ஓலைக் குச்சுக்குள் உட்கார்ந்திருந்தபோது அவளும் கோபப்பட்டாள், நானும் கோபப்பட்டேன். விளையாடப் போக விடவில்லை, தனித் தட்டு, தனிப் பாய் என்பது அவளுடைய கோபம். எனக்கும் அந்தக் கோபம் இருந்தது, ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. மஞ்சள் நீர் ஊற்றியவர்கள் ‘பெரிய பொம்பளை ஆயிட்டா’ என்று மகிழ்ச்சியோடு சொன்னபோது, பக்கத்தில் இருக்கும் வேறு யாரையோ வாழ்த்துகிறார்கள் என்று தோன்றித் திரும்பிப் பார்த்தேன். கட்டுப்பாடுகள் எல்லாம் தளர்ந்த பிறகு சித்தி மகள் பெண்ணாகவே மனநிறைவோடு வாழ்கிறாள். எனக்குக் கட்டுப்பாடுகள் போன பிறகும் அந்தத் திரும்பிப் பார்த்தல் போகவில்லை.

ஆகவே, விதி ஏதும் இல்லாத ஒரு நாளை நினைத்துப் பாருங்கள் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். விரும்பிய உடை, விரும்பிய வேலை, விரும்பிய நேரத்தில் வெளியே போய் வரும் உரிமை எல்லாம் கிடைத்துவிட்ட அந்த நாளில், ஒருவர் உங்களை அன்போடு ‘நல்ல பொண்ணு’ என்றோ ‘நல்ல பையன்’ என்றோ சொன்னால் அது உங்கள்மீது உட்காருகிறதா? இது பரீட்சை அன்று, இதில் மதிப்பெண்ணும் இல்லை. ஆனால் பலருக்கு இந்த ஒரு கேள்வி வேண்டாதவற்றைப் பிரித்துக் காட்டியிருக்கிறது.

சில நாள் ஆம்பளை மாதிரி, சில நாள் பொம்பளை மாதிரி இருக்கு. நான் நடிக்கிறேனா?

நடிப்பவருக்குப் பார்ப்பவர் ஒருவர் வேண்டும். யாரும் பார்க்காத அறையில், யாரிடமும் சொல்ல முடியாத நிலையில் வரும் உணர்வை நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். மாறிக்கொண்டே இருக்கும் பாலின உணர்வும் ஒரு பாலின உணர்வே. மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒரு குறிப்பேட்டில் நாளுக்கு ஒரு வரி எழுதி வாருங்கள்: இன்று எந்தச் சொல் உறுத்தியது, எது இதமாக இருந்தது என்று மட்டும் எழுதினால் போதும். குறிப்பேடு பிறர் கையில் சிக்கக்கூடிய வீடாக இருந்தால் எழுதாமல் மனத்தில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

திருநம்பின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இப்ப அதுவும் இல்லைன்னு தோணுது. எல்லாரையும் ஏமாத்திட்டேனா?

எனக்கும் இதுவே நேர்ந்தது. பத்தொன்பது வயதில் கல்லூரி விடுதியில் திருநம்பி என்ற சொல்லை முதன்முதலாகப் படித்தபோது, என்னைப் போல் ஒருவர் இருக்கிறார் என்று அறிந்து இரவெல்லாம் தூங்கவில்லை. முடியை வெட்டிக்கொண்டேன். தேநீர்க் கடையில் ‘அண்ணே, ஒரு டீயா?’ என்று கேட்ட குரலை ஒரு வாரம் மனத்துக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டு ஆண்டுகள் கழித்து, அதே ‘அண்ணே’ என்ற சொல்லில், முன்பு ‘அக்கா’ என்ற சொல்லில் இருந்த அதே உறுத்தல் மெல்லத் தெரியத் தொடங்கியது. எனக்காக வீட்டாரோடு சண்டையிட்ட நண்பர்களிடம் இதை எப்படிச் சொல்வேன் என்று ஓராண்டு வாயைத் திறக்கவில்லை.

பொய் என்பது உண்மை தெரிந்திருந்தும் மாற்றிச் சொல்வது. பத்தொன்பது வயதில் எனக்குத் தெரிந்த சொற்களில் எனக்கு மிக அருகே இருந்த சொல்லை எடுத்துக்கொண்டேன். அது பொய் ஆகாது. அந்தச் சொல் இல்லாமல் நான் இங்கே வந்திருக்கவும் முடியாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: என் கதையை எடுத்துக்காட்டி, திருநம்பிகளும் திருநங்கைகளும் நாளை மாறிவிடுவார்கள் என்று யாரும் வாதிட வேண்டாம். பெரும்பாலோர் தாம் கண்டடைந்த பாலினத்தில் உறுதியாக வாழ்கிறார்கள். நண்பர்களிடம் கடைசியில் நான் சொன்னது இரண்டே வாக்கியம்: ‘நீங்கள் செய்தது வீண் போகவில்லை. எனக்கு இன்னும் கொஞ்சம் தெளிவாகியிருக்கிறது.’

தமிழ்ல அவன், அவள்தானே இருக்கு? உங்களை எப்படிக் கூப்பிடறது?

தமிழ் இதில் நமக்குப் பகையாக இல்லை என்பதை நான் மெதுவாகத்தான் உணர்ந்தேன். ‘நான் வந்தேன்’ என்று சொல்லும்போது அதில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. இந்தியில் இதைச் சொல்ல வினைச்சொல்லிலேயே பாலைக் காட்ட வேண்டும். ‘நீ’, ‘நீங்கள்’ ஆகியவற்றிலும் பால் இல்லை. நான் பேசினாலும் என்னோடு பேசினாலும் எழாத சிக்கல், என்னைப் பற்றி இன்னொருவரிடம் பேசும்போதுதான் எழுகிறது. அங்கே எழுத்தில் ‘அவர்’ என்பது போதுமானது. பேச்சில் ‘அவரு’ ஆண் பக்கம் சாய்வதால், ‘அவங்க’ என்பதே பலருக்கும் பொருந்துகிறது. ‘டா’, ‘டி’ போட்டுப் பழகிய நண்பர்கள் அவற்றை விட்டால் திடீரென அந்நியமாக ஒலிக்கிறது என்பார்கள். ‘வாப்பா’, ‘சொல்லுப்பா’ என்பது எல்லோருக்கும் சொல்வதுதான், அதை எடுத்துக்கொள்ளலாம். சிலருக்கு ‘டா’ பிடிக்கும், சிலருக்கு இரண்டுமே பிடிக்கும். கேட்டுவிடுவது நல்லது.

‘அது’, ‘இது’ என்று மட்டும் ஒருபோதும் அழைக்க வேண்டாம். ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயர்களைப் பற்றிப் பேசும் தொல்காப்பியச் சொல்லதிகார நூற்பா, அவற்றுக்கெனத் தனி ஈறு இல்லை என்றாலும் உயர்திணை ஈறுகளையே கொண்டு முடியும் என்கிறது. தெய்வப் பெயர்களையும் அதே நூற்பாவில் வைக்கிறது. அந்தக் காலத்துச் சமூகம் இன்றைய பொருளில் எல்லோரையும் ஏற்றுக்கொண்டது என்று இதிலிருந்து முடிவுகட்ட மாட்டேன். இலக்கணம் அவர்களை அஃறிணைக்குத் தள்ளவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

உண்மையான சிக்கல் உறவுப்பெயர்களில் இருக்கிறது. என் அண்ணன் மகளுக்கு நான் அத்தை. என்னை ஆணாக வைத்தால் சித்தப்பா. அத்தை பிள்ளைகள் முறைப் பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள். ஆகவே ஒரு சொல் மாறினால் மொத்தக் குடும்ப வரைபடமும் மாறுகிறது என்று அண்ணன் கவலைப்பட்டார். அந்தக் கவலை கேலிக்குரியதன்று. அண்ணன் மகள் பேசத் தொடங்கியபோது என் பெயரைச் சொல்ல வராமல் ‘பாப்பு’ என்றாள். இப்போது அவளுக்கு ஒன்பது வயது, இன்னும் ‘பாப்பு’தான். சென்ற ஆண்டு பள்ளி விழாவில், வரவேற்பு மேசையில் இருந்தவர் ‘இவங்க யாரு?’ என்று கேட்டதற்கு, ‘எங்க பாப்பு’ என்று அவள் சொன்னாள். அவர் தலையசைத்து எங்களை உள்ளே அனுப்பினார்.

உடம்பை மாத்தியே ஆகணுமா?

வேண்டியதில்லை. சிலர் எதையும் மாற்றுவதில்லை, சிலர் உடையோடும் முடியோடும் நிறுத்திக்கொள்கிறார்கள், சிலர் சுரப்பிநீர் சிகிச்சையோ அறுவை சிகிச்சையோ பெறுகிறார்கள். இவர்களில் யாரும் மற்றவரைவிட அதிக உண்மையானவர் அல்லர்.

மார்பை இறுக்கிக் கட்டுபவர்கள் நீள்துணிக் கட்டையோ கிரேப் பேண்டேஜையோ பயன்படுத்தக் கூடாது. அவை மூச்சுவிடும்போது விலா எலும்பை மேலும் இறுக்கும். இதற்கென்றே தைக்கப்பட்ட பைண்டரைக்கூட ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் அணியவோ, அதோடு தூங்கவோ கூடாது. சுரப்பிநீர் மாத்திரைகளை மருந்துக்கடையில் நேரே வாங்கி விழுங்கிய சிலரை நான் அறிவேன். இரத்த நாளங்களுக்குள் இரத்தம் உறைவது போன்ற ஆபத்துகள் அதில் இருக்கின்றன. நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

கூவாகம் போனேன். அங்கேயும் ஒட்டலை. அப்ப எனக்கு எங்கதான் இடம்?

கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவின்போது கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கைகள், கூத்தாண்டவராக வணங்கப்படும் அரவானுக்கு மனைவியராகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அரவானின் பலிக்குப் பிறகு தாலியறுத்து ஒப்பாரி வைக்கிறார்கள். தம்மைப் பெண்ணாக உணர்பவர்களின் காதலும் கைம்மையும் நிகழும் இடம் அது. அங்கே பொருந்தாமல் நின்றதில் உங்கள்மீதும் குறையில்லை, அவர்கள்மீதும் குறையில்லை. திருநங்கைகள் குடும்பமாகச் சேர்ந்து வாழும் ஜமாத்தில் தாய், மகள் என்ற உறவுமுறையும் அப்படியே. வீடு துரத்திய ஆயிரக்கணக்கானோருக்குச் சோறும் கூரையும் கொடுத்த அமைப்பு அது, ஆனால் அதில் மகளாக மட்டுமே நுழைய முடியும்.

நம்மைப் போன்றவர்களுக்கு அந்த அளவு பழைய, ஊன்றிய இடம் எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது வலிக்கிறது. சென்னையிலும் மதுரையிலும் நடக்கும் வானவில் பேரணிகளும் சிறு சந்திப்புகளும் இருக்கின்றன. எனக்குக் கிடைத்தது ஒரு வீட்டு மொட்டைமாடி, ஞாயிறு மாலை, ஐந்து பேர், ஒரு பிளாஸ்க் சுக்குக் காப்பி. எனக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

நம்ம சாமியே அர்த்தநாரீஸ்வரர்தானே? அப்புறம் ஏன் ஏத்துக்க மாட்டேங்கறாங்க?

திருச்செங்கோட்டு மலையில் அந்த உருவத்தின் முன் நின்று நான் அழுதிருக்கிறேன். ஆறுதல் தருமானால் பற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பெற்றோரிடம் இதை வாதமாக வைக்க வேண்டாம். கடவுளுக்குப் பொருந்துவது தன் பிள்ளைக்கும் பொருந்தும் என்று எந்தத் தாயும் அந்த நேரத்தில் எண்ணுவதில்லை. மேலும், புராணம் இல்லாவிட்டாலும் உங்களுக்கு மதிப்பு உண்டு.

வீட்ல எப்படிச் சொல்றது?

முதலில், சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உங்கள் படிப்பும் சாப்பாடும் வீட்டாரின் கையில் இருக்குமானால், அடிப்பார்கள் அல்லது பூட்டிவைப்பார்கள் என்ற அச்சம் இருக்குமானால், காத்திருப்பது கோழைத்தனம் ஆகாது. சான்றிதழ்களின் நகல், கொஞ்சம் பணம், ஓர் இரவு தங்கக்கூடிய வீடு ஆகியவற்றை முன்னரே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சொல்வதென்றால் பண்டிகை நாளும் கல்யாண வீடும் வேண்டாம். ஒரே நேரத்தில் எல்லோரிடமும் சொல்ல வேண்டாம். வீட்டில் உங்கள் பேச்சை இடைமறிக்காமல் கேட்பவர் யாரோ அவரிடம் தொடங்குங்கள். எனக்கு அது பாட்டி. புதிய சொற்களை அடுக்கிப் பாடம் எடுக்காமல், பூப்புச் சடங்கு பற்றி மேலே நான் எழுதியதைப் போல, அவரும் பார்த்த ஒரு நிகழ்ச்சியில் உங்கள் உள்ளே என்ன நடந்தது என்பதைச் சொல்லுங்கள். பாட்டிக்கு நான்-பைனரி என்ற சொல் கடைசிவரை தெரியாது. ‘அன்னைக்கு நீ யாரைத் திரும்பிப் பார்த்தேன்னு இப்பத்தான் தெரியுது’ என்றார்.

பதினெட்டு வயது நிறைந்தவர் எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தாமே தீர்மானிக்கலாம். வீட்டார் காவல்நிலையம் போவார்கள் என்று அஞ்சுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் மாதம் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, பால்புதுமையரையும் (திருநர், தன்பால் ஈர்ப்புடையோர் முதலானோரைக் குறிக்கும் பொதுச்சொல்) அவர்களுக்காக உழைப்பவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று 2022இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் சேர்க்கப்பட்டது.

எம்புள்ள இப்படிச் சொல்லுது. நான் வளர்த்ததுல எங்க தப்பு பண்ணினேன்?

அம்மா, நீங்கள் எங்கும் தப்புச் செய்யவில்லை. செல்லம் கொடுத்ததாலோ கண்டித்ததாலோ கைப்பேசி வாங்கிக் கொடுத்ததாலோ இது வருவதில்லை. உங்கள் பிள்ளை வேறு யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்லியிருக்கிறது என்றால், நீங்கள் வளர்த்த முறையில் எங்கோ ஒரு கதவு திறந்திருந்தது.

உங்களுக்கு உடனே புரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மகளை, அல்லது மகனை, இழந்துவிட்டதைப் போன்ற துயரம் உங்களுக்கு வரலாம். அதை உங்கள் அக்காளிடமோ தோழியிடமோ சொல்லி அழுங்கள். பிள்ளையின் முன்னால் மட்டும், செத்துப்போன ஒருவருக்காக அழுவதைப் போல் அழாதீர்கள், அது உயிரோடு உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறது. ‘சாப்பிட்டியா?’ என்ற கேள்வியை நிறுத்திவிடாதீர்கள். என்னோடு பேசுபவர்கள் வீட்டைப் பற்றி ஏங்கிச் சொல்வதில் முதலில் வருவது அந்தக் கேள்விதான்.

சர்டிபிகேட் எடுக்கணுமா? அதுல எந்தக் கட்டம்?

ஒருவரின் பாலினத்தைத் தீர்மானிக்கும் உரிமை அவருக்கே உண்டு என்றும், அதற்கு அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது, மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்துத் திருநர் என்ற சான்றிதழைப் பெறவும், அறுவை சிகிச்சைக்குப் பின் ஆண் அல்லது பெண் என்று திருத்திக்கொள்ளவும் அதில் வழி செய்யப்பட்டது. சட்டமும் விதிகளும் திருத்தங்களுக்கு உட்படுபவை. விண்ணப்பிக்கும் நாளில் எந்த வடிவம் நடைமுறையில் இருக்கிறது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொண்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

நான்-பைனரி என்று தனிக் கட்டம் நம் அரசுப் படிவங்களில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘மற்றவர்’ என்ற கட்டத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ 4.88 லட்சம் பேர் பதிவானார்கள். அதில் எத்தனை வகை மனிதர்கள் இருந்தார்கள் என்பதை அந்தக் கட்டம் சொல்லாது. சான்றிதழ் எடுப்பதும் எடுக்காததும் உங்கள் தேவையைப் பொறுத்தது. படிப்புச் சான்றிதழ்களில் பெயர் மாற்ற வேண்டியவர்களுக்கு அது உதவும். வீட்டு முகவரிக்குத் தபால் வரக்கூடாத நிலையில் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம்.

இன்னும் எனக்கே முடிவா தெரியலை. அதுக்குள்ள மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சிட்டாங்க. என்ன செய்யறது?

உங்கள் பாலினம் குறித்து முடிவு தெரிந்த பிறகே திருமணத்தை மறுக்க முடியும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்; இரண்டையும் பிரித்துவிடுங்கள். ‘எனக்கு இப்போது திருமணம் வேண்டாம்’ என்பது முழுமையான பதில், அதற்குக் காரணம் கூற வேண்டிய கடமை இல்லை. அப்படிச் சொல்லக்கூடிய வீடு இல்லை என்றால், மேற்படிப்பு, வேலைக்கான தேர்வு, வெளியூர் வேலை என்று காலம் வாங்கித் தரும் எதையும் தயங்காமல் பயன்படுத்துங்கள். திருமணமானால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி நடத்தப்பட்ட திருமணங்களிலிருந்து எனக்கு வந்த அழைப்புகளில், கணவன் மனைவி இருவருமே தனித்தனியாக அழுதிருக்கிறார்கள்.

நாள் குறித்துவிட்டார்கள், வெளியே விட மறுக்கிறார்கள் என்றால், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைத்துக் கட்டாயத் திருமணம் என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் பாலினத்தைப் பற்றி அங்கே எதுவும் விளக்க வேண்டியதில்லை.